நாகூர்ப் பூட்டு

காபி குடித்த கையோடு பூட்டைத் தொடக் கூடாது. விரல் நுனியில் ஒட்டியிருக்கிற சர்க்கரைப் பிசுக்கு கம்பியில் ஏறிவிடும். அப்புறம் உள்ளே எது அசைகிறது, எது அசையவில்லை என்று விரலுக்குத் தெரியாது. மாஜிஸ்திரேட் ஐயா, நீங்கள் அன்போடு வரவழைத்துக் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுக் கை கழுவத் தண்ணீர் கேட்டது அதனால்தான். உங்கள் டவாலிச் சேவகர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பாவத்தைக் கழுவுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. பழக்கம் ஐயா, வேறொன்றும் இல்லை. என் பூட்டுகளையெல்லாம் சாக்கிலிருந்து இந்த மேஜைமேல் கொட்டி வைத்திருக்கிறீர்கள். அவற்றைப் பார்த்ததும் கை தன்னால் தண்ணீரைத் தேடுகிறது.

சப்-இன்ஸ்பெக்டர் இவற்றுக்கு மகஜர் பட்டியலில் 'வீடு புகுந்து திருட உதவும் கருவிகள்' என்று பெயர் வைத்திருக்கிறார். வைக்கட்டும். அவர் வீட்டு இரும்புப் பெட்டிச் சாவி குளத்தில் விழுந்து, உள்ளே மாமியார் நகை மாட்டிக்கொண்டபோது, இதே கருவிகளை 'அய்யாவோட கைராசி' என்றார். அன்றைக்கு அவர் வீட்டில் எனக்குப் பாயசம்கூடக் கிடைத்தது.

என் பெயர் குஞ்சிதபாதம். கோர்ட் அமீனா. அமீனா என்றால் என்ன வேலை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எழுதிக்கொள்கிறவருக்காகச் சொல்கிறேன். நீதிபதி உயரத்தில் உட்கார்ந்து ஒரு வரி எழுதுவார். அந்த வரியை ஊருக்குள் எடுத்துப் போய், ஒருவன் வீட்டு வாசலில் நின்று, பானையையும் மாட்டையும் நெல்லையும் ஜப்தி செய்ய வேண்டியவன் நான். திட்டு முழுவதும் எனக்கு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று என்னைப் பார்த்துத்தான் சொல்வார்கள். இங்கே சாமி வரமும் கொடுத்ததில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை.

வேலையில் சேர்ந்த புதிதில் ஜப்திக்குப் போனால், பூட்டிக் கிடக்கும் வீட்டைச் சுத்தியலால் உடைத்துத் திறப்போம். பெண்கள் மண்ணை வாரித் தூற்றுவார்கள், பிள்ளைகள் அழும். அதெல்லாம் கொஞ்ச நாளில் பழகிவிட்டது. பூட்டு உடைகிற சத்தம் மட்டும் பழகவேயில்லை. ஒரு மனிதன் உட்கார்ந்து அரம் போட்டுச் செய்த பொருள், ஐயா. அதை ஒரு முரடன் மண்டையில் அடித்துக் கொல்கிறானே என்று எனக்கு வயிறு எரியும். அடிக்காமல் திறந்தால் என்ன என்று தோன்றியது. அப்படித்தான் ஆரம்பித்தேன்.

இதோ இந்தக் கம்பிகள் எல்லாம் என் கையால் செய்தவை. கிழிந்த குடையின் கம்பி, சைக்கிள் ஸ்போக்ஸ், இரும்பு அறுக்கிற ரம்பத் தகடு. தேய்த்து, வளைத்து, நுனியை நெருப்பில் காட்டி எடுத்தால் போதும். சுற்றி வைத்திருக்கும் பட்டுத் துணி என் மனைவியின் பழைய ரவிக்கை. பழகுவதற்கென்று ஒரு மாம்பலகையில் நாதாங்கி அடித்து வரிசையாகப் பூட்டுகளை மாட்டியிருந்தேன். திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு, அலிகார் பூட்டு, கூட்ஸ் வண்டிப் பூட்டு, ஒரு மடத்து உண்டியல் பூட்டு. கூட்ஸ் வண்டிப் பூட்டு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்கப் போவதில்லை என்று நம்புகிறேன். கோர்ட்டிலிருந்து வந்து, குளித்து, திருநீறு பூசி, பலகை முன்னால் உட்கார்ந்தால் எனக்கு உலகம் மறந்துவிடும்.

என் மனைவி நாகம்மாளுக்கு இது பிடிக்காது. தண்ணீர் எடுக்க வருகிற பெண்களிடம் அவள் சொல்வது எனக்கே கேட்கும்.

"ஊர்ல ஆம்பளைங்க சீட்டாடுறாங்க, குடிக்கிறாங்க, கூத்தியா வீட்டுக்குப் போறாங்க. அதுக்கெல்லாம் ஒரு சாமி இருக்கு, போயி வேண்டிக்கலாம். இவரு பூட்டு நோண்டுறாரு. இதுக்கு எந்தக் கோயிலுக்குடி போவேன்?"

நான் கோபித்துக்கொண்டதில்லை. கலை தெரியாதவர்களோடு குடும்பம் நடத்துவது அப்படித்தான் இருக்கும்.

எல்லாவற்றிலும் பெரியது, உங்கள் வலது கைப்பக்கம் இருக்கிறதே, அந்தப் பித்தளைப் பூட்டு. கந்தூரிக்கு நாகூர் போனபோது பழைய இரும்புக் கடையில் வாங்கினேன். கப்பலில் அரிசி ஏற்றிய ஏதோ ஒரு வியாபாரியின் கிடங்குப் பூட்டாம். இளநீர் கனம் இருக்கும், அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும். உள்ளே எட்டு லீவர், பூட்டைப் பிடித்து வைக்கும் தகடுகள். ஒன்றொன்றையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கி நிறுத்த வேண்டும். கடைசி ஒன்று நழுவினாலும் முன்னால் நின்றவையெல்லாம் பொலபொலவென்று விழுந்துவிடும். இந்தப் பூட்டுக்குச் சாவியே கிடையாது, என் விரலுக்கு மட்டும்தான் கட்டுப்படும் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். முன்சீப் வீட்டுக் கொலுவுக்குக்கூட என்னைப் பூட்டோடு அழைத்திருக்கிறார்கள். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே கம்பியை விட்டு, கண்ணை மூடிக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். பெண்கள் எல்லாம் "அடி ஆத்தி" என்பார்கள். அந்த இரண்டு வார்த்தைக்கு ஈடான சம்பளத்தை எந்த அரசாங்கமும் எனக்குக் கொடுத்ததில்லை.

அப்புறம் ஜப்திக்கும் அதையே கொண்டுபோக ஆரம்பித்தேன். கோர்ட்டில் கொடுக்கிற பூட்டு கொண்டை ஊசியைக் கண்டாலே வாயைப் பிளக்கும். நாகூர்ப் பூட்டைப் போட்டு அரக்கு முத்திரை வைத்துவிட்டால் வாதி, பிரதிவாதி, வக்கீல் எல்லோரும் என்னிடம் வந்துதான் ஆக வேண்டும். வந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

இப்போது கொத்தங்கரை விஷயம்.

ஆட்சி மாறியபோது கொத்தங்கரை மிராசுதார் இராஜாங்கம் கதரை அவிழ்த்துவிட்டுக் கரைவேட்டி கட்டிக்கொண்டார். வேட்டிதான் மாறியது, இடுப்பு மாறவில்லை. கடைத்தெருக் கூட்டத்தில் 'உழுபவனுக்கே நிலம் சொந்தம்' என்று அடுக்குமொழியில் முழங்கிவிட்டு, மறுநாள் காலை வீரையன்மேல் வழக்குப் போட்டார். அவர் பேசியதில் பொய் ஒன்றும் இல்லை. உழுபவன் யார் என்பதில்தான் வழக்கு. வீரையன் தான் குத்தகைச் சாகுபடிதாரன் என்றான். அவன் தகப்பன் காலத்திலிருந்து அந்த நிலத்தில் இருக்கிறானாம். இராஜாங்கம், அவன் வெறும் பண்ணையாள், கூலிக்கு உழுதான் என்றார். தீர்ப்பு வரும்வரை குறுவை நெல்லை ஜப்தி செய்து பத்திரமாக வைக்கும்படி கோர்ட் எனக்கு உத்தரவு போட்டது. எங்கே வைப்பது? கோர்ட்டுக்குக் கிடங்கு ஏது? இராஜாங்கம் தன்னுடைய பழைய நெற்கிடங்கைப் பெரிய மனது வைத்துக் கொடுத்தார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

அறுப்பு நேரத்தில் அடைமழை. களத்தில் தார்ப்பாய் போட்டு மூடிய நெல்லில் அடியெல்லாம் ஈரம். வண்டியில் ஏற்றும்போதே வீரையன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்.

"அய்யா, ஈர நெல்லுங்க. காய வைக்காம அடைச்சா அவிஞ்சு போயிடும். ரெண்டு வெயிலு பாத்துட்டு அடைங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

உத்தரவில் 'காயவைத்து' என்ற சொல் இல்லை. நான் என்ன செய்ய முடியும்? ஜன்னல் இல்லாத கிடங்கு, இரும்புத் தகடு அடித்த ஒற்றைக் கதவு. நெல்லைக் கொட்டிப் பூட்டினேன்.

அதோடு அவர்களுடைய விதைக்கோட்டையும் உள்ளே போய்விட்டது. நீங்கள் பேராவூரணிப் பக்கம், தென்னந்தோப்புக்காரர், உங்களுக்குத் தெரியாதிருக்கலாம். அடுத்த நடவுக்கான விதை நெல்லை வைக்கோல் பிரியால் உருண்டையாகச் சுற்றிக் கட்டி, மேலே சாணம் மெழுகி வைப்பார்கள். வயிறு காய்ந்தாலும் அதில் கை வைக்கமாட்டார்கள். விதை நெல்லை ஜப்தி செய்யக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. அது எனக்கும் தெரியும். இராஜாங்கத்தின் கணக்குப்பிள்ளை அதைத் தூக்கி வண்டியில் போட்டுவிட்டார். மழை பெய்துகொண்டிருந்தது. இறக்கச் சொன்னால் மறுபடி ஒரு வாக்குவாதம். விட்டுவிட்டேன்.

சில நாள் கழித்து, நெல்லை அளந்து ரிப்போர்ட் கொடுக்கும்படி கோர்ட் சொன்னது. இரண்டு போலீஸ்காரர்களோடு போனேன். துண்டைப் போட்டுப் பூட்டைத் திறந்தேன். கதவைத் தள்ளியதும் கொதிக்கிற அண்டாவின் மூடியைத் திறந்த மாதிரி ஒரு சூடு முகத்தில் அடித்தது. எல்லோரும் பின்வாங்கினோம். அவிந்த நெல்லுக்கு ஒரு நாற்றம் உண்டு, புளித்த கஞ்சி மாதிரி. அடைத்துக் கிடந்த கிடங்கில் விளக்கைப் பிடித்துப் பார்க்காமல் இறங்கக் கூடாது, சுடர் அணைந்தால் உள்ளே மூச்சு விடக் காற்று இல்லை என்பது இந்தப் பக்கத்தில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். கணக்குப்பிள்ளை அரிக்கேன் விளக்கை ஒரு கழியில் மாட்டி உள்ளே நீட்டினார். வாசலருகே சுடர் சுருங்கியது. இன்னும் கொஞ்சம் நீட்டியதும் அணைந்துவிட்டது. நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அளக்கிற வேலையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம், அதுவரை காற்றாடட்டும் என்று சொன்னவனே நான்.

அப்போதுதான் வீரையன் பெண்டாட்டி அம்சம் வந்தாள். குள்ளமான உருவம், நீளமான நாக்கு. முந்தானையை மூக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு, யாரையும் கேட்காமல் விறுவிறுவென்று உள்ளே போய், கதவுக்குப் பக்கத்தில் கிடந்த விதைக்கோட்டைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"நாத்து விடுற நாளு போயிக்கிட்டிருக்கு. எங்க வெதக்கோட்டைய எடுத்துக்கிட்டுத்தான் போவேன். வெத நெல்லுல கைவைக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்காமே. எங்க சங்கத்துல சொன்னாங்க."

"வெளிய வா. எதுன்னாலும் கோர்ட்டுல மனுப் போடு" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். வாசலில் களத்து ஆட்கள் இருந்தார்கள், போலீஸ்காரர்கள் இருந்தார்கள்.

"ஊருல திருடனைப் பிடிச்சா கட்டி வச்சு ஒதைக்கிறாங்க. இந்த ஆளு கம்பிய விட்டுப் பூட்டத் தெறக்குறாரு, இவருக்குக் கோர்ட்டே சம்பளம் குடுக்குது. கொடுத்து வச்ச திருடன்டியம்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். போலீஸ்காரர்களும் சிரித்தார்கள். இராஜாங்கம் துண்டால் வாயைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது ஐயா. உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷம் ஒரு வெள்ளித் தம்ளரை இடம் மாற்றி வைத்தவன் இல்லை நான்.

இராஜாங்கம் சொன்னார்: "பூட்டுங்க அமீனா. கொஞ்ச நேரம் கெடந்தா தன்னால வழிக்கு வருவா. நாம போயி எலையப் போடுவோம்."

அவர் சொன்னார் என்பதற்காக நான் பூட்டினேன் என்று எழுதிக்கொள்ள வேண்டாம். ஜப்தி செய்த சொத்தைத் திறந்து போட்டுவிட்டுச் சாப்பிடப் போக முடியாது; இது விதி. உள்ளே ஒருத்தி வேண்டுமென்றே உட்கார்ந்திருக்கிறாள் என்பதால் விதி மாறிவிடாது. அவளைக் கூப்பிட்டுப் பார்த்தேன். வரவில்லை. கதவைச் சாத்தி, நாகூர்ப் பூட்டைப் போட்டு, அரக்கை உருக்கி முத்திரையும் வைத்தேன். ஒழுங்கு என்றால் ஒழுங்காக இருக்க வேண்டும்.

இராஜாங்கம் வீட்டில் வத்தக்குழம்பு, வாழைக்காய் வறுவல், கெட்டித் தயிர். சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. பத்தாயத்தின் பக்கத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள், கொஞ்சம் கண்ணயர்ந்தேன். வீரையன் சங்கத்து ஆளைக் கூட்டிவரப் போயிருந்தானாம். அவன் திரும்பி வந்து, பெண்டாட்டி உள்ளே இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுக் கத்திய கத்தலில்தான் எனக்கு விழிப்பு வந்தது.

போய்ப் பார்த்தால் கிடங்கு வாசலில் பெருங்கூட்டம். செங்கொடிச் சங்கத்து மதலைமுத்து கடப்பாரையோடு நின்றான். உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற சத்தம், இருமல், அம்சத்தின் குரல்.

"மூச்சு முட்டுதுங்க... தெறந்துவிடுங்க... கோட்டையும் வேணாம் ஒண்ணும் வேணாம், தெறந்துவிடுங்க..."

மதலைமுத்து என்னிடம் வந்தான். "அமீனா சார், நகந்துக்குங்க. நாதாங்கிய நெம்பி எடுத்துடுறோம். ஒரு நெம்பு, அவ்வளவுதான்."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. நான் பூட்டின் முன்னால் நின்றுகொண்டேன்.

"கோர்ட் முத்திரை இருக்கு. கடப்பாரை பட்டுச்சுன்னா நீ மட்டும் இல்ல, ஒன் சங்கமே உள்ள போவும். வீரையன் கேஸும் அதோட போச்சு. நான் இருக்கேன்ல? இதோ தெறந்துடுறேன்."

போலீஸ்காரர்கள் துப்பாக்கியைக் கையில் மாற்றிக்கொண்டார்கள். மதலைமுத்து போலீஸ்காரர்களைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். முன்சீப் வீட்டுக் கொலுவரைக்கும் பரவிய பேர் அவன் காதுக்கும் எட்டியிருந்தது. கடப்பாரையைத் தரையில் ஊன்றினான்.

"எல்லாரும் பின்னால தள்ளுங்கப்பா. அவரு தெறந்துடுவாரு. இதுல அவரு பெரிய ஆளு."

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். ஸ்டேஷனில் என்னைச் சோதனை போட்டபோது அது இடுப்பிலிருந்து விழுந்தது. அந்தப் பூட்டுக்குச் சாவி உண்டு. நாகூர்க் கடைக்காரர் பூட்டோடு சேர்த்தே கொடுத்தார். என் இடுப்பில், வேட்டி மடிப்பில்தான் எப்போதும் இருக்கும். அன்றைக்கும் இருந்தது.

ஏன் எடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள். அத்தனை பேர் முன்னால், 'இதில் அவர் பெரிய ஆள்' என்று மதலைமுத்து வாயாலேயே சொன்ன பிறகு, மடியை அவிழ்த்துச் சாவியை எடுத்தால் என் நிலைமை என்ன? இத்தனை வருஷமும் துண்டுக்குள் நடந்தது என்ன என்று குழந்தைக்கும் புரிந்துவிடாதா? அம்சம் திருடன் என்றாள். சாவியை எடுத்திருந்தால் பித்தலாட்டக்காரன் என்ற பட்டமும் சேர்ந்திருக்கும். வழக்கம்போல் துண்டைப் போட்டு உடனே திறந்திருக்கலாமே என்பீர்கள். அதையும் நினைத்தேன். ஆனால் நான் கண்ணயர்ந்த நேரத்தில் மழை பிடித்து வலுத்துவிட்டது, என் துண்டு கிடங்குக் கூரைத் தண்ணீரில் சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது. அதுமட்டுமில்லை. பொய் சொல்வானேன், வேறொன்றும் இருந்தது. அன்றைக்கு உண்மையாகவே திறந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் பலகை முன்னால் உட்கார்ந்து எத்தனையோ மாலை முயன்றிருக்கிறேன், ஐந்து லீவருக்கு மேல் நின்றதில்லை. அன்றைக்கு விரல் அவ்வளவு தெளிவாக இருந்தது.

முத்திரையை உடைத்துவிட்டு, பட்டுத் துணியை விரித்துக் கம்பிகளை எடுத்தேன். மழையில் பூட்டு நனையக் கூடாது என்றேன். வீரையன் ஓடிப்போய் என் குடையை எடுத்துவந்து எனக்கும் பூட்டுக்கும் சேர்த்துப் பிடித்தான். அவன் முழுக்க நனைந்துகொண்டிருந்தான். குடை பூட்டை விட்டு விலகி விலகிப் போனது.

"ஆட்டாமப் பிடி" என்றேன்.

"சரிங்க" என்றான். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

கம்பி உள்ளே போனதும் அது இரும்பில் உரசுகிற சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும். அம்சம் கத்துவதை நிறுத்தினாள். கதவுக்கு மிகப் பக்கத்தில், என் முகத்துக்கு எதிராகவே, அவள் குரல் வந்தது.

"அய்யா, தெறக்குதுங்களா?"

"இதோ" என்றேன்.

முதல் லீவர் நின்றது. இரண்டாவது, மூன்றாவது. ஐந்தாவதும் நின்றபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆறாவதைத் தேடினேன். வீரையன் அழுகிற குரலில், "அய்யா, காலைப் பிடிச்சுக்கிறேன், சீக்கிரங்க" என்றான். அந்தப் பேச்சில் கம்பி நழுவி எல்லாம் விழுந்துவிட்டது.

"பதறாத காரியம் சிதறாது வீரையா. சும்மா இரு" என்றேன். திட்டவில்லை. ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. கேட்டுப் பாருங்கள்.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இராஜாங்கம் குனிந்து என் காதில் கேட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. பெண்மேல் இரக்கம் என்று சொல்ல மாட்டேன், கட்சியில் ஒரு பதவிக்கு அவர் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம்.

"அமீனா, மெய்யாவே சாவி இல்லியா?"

"இல்லை" என்றேன்.

உள்ளேயிருந்து இன்னொரு முறை கேட்டாள். "தெறக்குதா...?" 'ங்க' போடவில்லை. அதற்கு மூச்சு இருந்திருக்காது. இதோ, இதோ என்றேன். அப்புறம் கதவில் நகத்தால் பிராண்டுகிற மாதிரி ஒரு சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. எனக்கு அது தொந்தரவாக இருந்தது. லீவர் அசைகிற சத்தமும் அதுவும் கலந்துவிட்டன. பிறகு அது நின்றது. வேலைக்கு வேண்டிய அமைதி கிடைத்தது.

ஆறாவது நின்றது. ஏழாவதும் நின்றது. ஐயா, ஏழு. இந்தத் தாலுகாவில் அந்தப் பூட்டில் ஏழு லீவரை நிறுத்தியவன் யாரும் கிடையாது. எட்டாவதன் அடியில் கம்பியைக் கொண்டுபோனேன். அப்போது வீரையன் குடையைக் கீழே போட்டுவிட்டான். கதவில் தலையை முட்டி, "ஏ அம்சம்... ஏ புள்ள... பேசு புள்ள..." என்று அலறினான். மதலைமுத்து கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அந்த ஆட்டத்தில் ஏழும் விழுந்தன.

இனி அமைதி கிடைக்காது என்று புரிந்துவிட்டது. ஈரத் துண்டையே பிழிந்து பூட்டின்மேல் போட்டு மூடிக்கொண்டு, மடியிலிருந்து சாவியை எடுத்துத் திருப்பினேன். 'டக்' என்றது. யாரும் 'அடி ஆத்தி' என்று சொல்லவில்லை.

கதவு உடனே நகரவில்லை. உள்பக்கம் அவள் அதன்மேல் சாய்ந்திருந்தாள். வீரையனும் மதலைமுத்துவும் மெதுவாகத் தள்ளி, அவளை வெளியே எடுத்து மழையில் கிடத்தினார்கள். முகத்தில் மழை விழுந்தது, கண் சிமிட்டவில்லை. விதைக்கோட்டையின் வைக்கோல் பிரி ஒன்றைக் கையில் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள். மதலைமுத்து என்மேல் பாயவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு தலையைக் கவிழ்த்தபடி உட்கார்ந்துவிட்டான். கடப்பாரையைக் கீழே ஊன்றியவன் அவன்தானே. இராஜாங்கம், "கிடங்கு தீட்டாயிடுச்சே" என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அந்தி சாய்வதற்குள் அவரே கறுப்புத் துணி குத்திக்கொண்டு, 'உழைக்கும் வர்க்கத்தின் ஒப்பற்ற வீராங்கனை' என்று இரங்கல் சொல்லிவிட்டார். பேச்சு நன்றாக இருந்தது என்று போலீஸ்காரர்கள் சொன்னார்கள்.

நாகம்மாள் நேற்று லாக்கப்புக்கு வந்தாள். தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்திருந்தாள், ஆனால் அதைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"சாவி இடுப்புல இருந்துச்சாமே. அந்தப் பொண்ணு உள்ளேருந்து கேக்கக் கேக்க, இடுப்புல வச்சுக்கிட்டா நோண்டிக்கிட்டிருந்தீங்க?"

நான் தூக்குச்சட்டியைப் பார்த்தேன்.

"நீங்க மனுசனா? ஒங்களக் கட்டிக்கிட்டுக் காலந்தள்ளினேனே, எனக்கு வேணும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஏதோ நினைத்தவள்போல் நிமிர்ந்தாள். "அப்ப ஒரு நாளுகூட நீங்க அந்தப் பூட்டத் தெறந்ததே இல்லியா? அம்புட்டும் வெறும் வேசமா?"

கொலைகாரன் என்று ஊரே சொல்வதைப் பொறுத்துக்கொண்டேன். அவள் கேட்ட இந்தக் கேள்வியைப் பொறுக்க முடியவில்லை. இரவெல்லாம் தூக்கமில்லை. அதனால்தான் இன்று காலையிலேயே உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஆகவே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தே பூட்டினேன். விளக்கு அணைந்ததைப் பார்த்துவிட்டே பூட்டினேன். சாவியை மடியில் வைத்துக்கொண்டே இல்லை என்று சொன்னேன். எந்தச் செக்ஷன் வேண்டுமானாலும் போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் அப்படியே, என் வார்த்தையிலேயே எழுத வேண்டும். அன்றைக்கு ஏழு லீவர் நின்றது. அந்தப் புருஷன்காரன் மட்டும் கொஞ்சம் பொறுமையாக இருந்திருந்தால், சாவியே தேவைப்பட்டிருக்காது.